சிங்கப்பூர் வேலை அனுமதி: விமானம் ஏறுவதற்கு முன் படித்து முடிக்க வேண்டியவை

"சிங்கப்பூர் விசா எடுத்துத் தருகிறோம்" என்ற வாசகம் தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துப் பேருந்து நிலையச் சுவர்களில் சாதாரணமாகக் காணப்படுகிறது. அந்த வாசகத்தில் இருந்தே குழப்பம் தொடங்கிவிடுகிறது. சிங்கப்பூரில் வேலைக்கான அனுமதிக்கு விண்ணப்பிப்பவர் வேலை தேடுபவர் அல்லர். அவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனமோ, அந்த நிறுவனத்தின் சார்பில் செயல்படும் உரிமம் பெற்ற முகவரோதான் மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்க முடியும். ஆகவே அனுமதி என்பது உங்கள் கையில் இருந்தாலும், அது ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தோடும் ஒரு குறிப்பிட்ட வேலையோடும் முடிச்சுப் போடப்பட்ட அட்டை. அந்த வேலை போனால் அட்டையும் போகும். வேறு நிறுவனத்துக்குச் செல்ல வேண்டுமானால் அந்த நிறுவனம் புதிதாக விண்ணப்பித்தாக வேண்டும்.

இந்த விதிக்கு விலக்குகள் சில உண்டு. மாதம் 22,500 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) குறையாமல் சம்பாதிப்பவர்களுக்கான தனிப்பட்ட எம்ப்ளாய்மென்ட் பாஸும், 2023 ஜனவரியில் தொடங்கிய, பொதுவாக மாதம் 30,000 வெள்ளி சம்பளத்தை அளவுகோலாகக் கொண்ட ஒன் பாஸும் ஆளோடு போகின்றன, நிறுவனத்தோடு அல்ல. அந்த அளவு சம்பளம் வாங்குபவருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. மற்ற எல்லோருக்கும் மூன்று வாசல்கள்தான்: எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ், வொர்க் பெர்மிட். நம் ஊர்ப் பேச்சில் இ பாஸ், எஸ் பாஸ், பெர்மிட்.

முதற்படி: எந்த வாசல் உங்களுடையது

இந்த மூன்றில் எது கிடைக்கும் என்பதை விருப்பம் தீர்மானிப்பதில்லை. சம்பளம், கல்வி, நாடு, துறை ஆகிய நான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. "பெர்மிட்டுக்கு இவ்வளவு, எஸ் பாஸுக்கு இவ்வளவு, இ பாஸுக்கு இவ்வளவு" என்று விலைப்பட்டியல் வாசிக்கும் முகவர், இல்லாத ஒன்றை விற்கிறார் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளலாம்.

எம்ப்ளாய்மென்ட் பாஸ் நிபுணர்களுக்கும் மேலாளர்களுக்கும் உரியது. 2025 ஜனவரி முதல் இதற்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி. நிதித் துறையில் 6,200. இது இளம் வயதினருக்கான அளவு மட்டுமே. வயது ஏற ஏற வரம்பும் ஏறி, நாற்பதுகளின் நடுவில் இருப்பவருக்கு நிதி அல்லாத துறைகளில் 10,700 வெள்ளி வரை செல்கிறது. நாற்பத்தைந்து வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர் 7,000 வெள்ளி வேலைக்கு ஒப்புக்கொண்டு, பாஸ் கிடைக்கவில்லையே என்று வியப்பது இந்த வயதுக் கணக்கை அறியாததால்தான். இந்த வரம்புகள் அவ்வப்போது உயர்த்தப்படுவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் அமைச்சின் இணையதளத்தில் உள்ள தகுதிச் சோதனைப் பக்கத்தில் உங்கள் விவரங்களை இட்டுப் பார்த்துவிடுங்கள்.

சம்பள வரம்பைத் தாண்டியபின் காம்பஸ் என்ற மதிப்பெண் முறை வருகிறது. புதிய விண்ணப்பங்களுக்கு 2023 செப்டம்பரிலும் புதுப்பித்தலுக்கு 2024 செப்டம்பரிலும் இது நடைமுறைக்கு வந்தது. தேர்ச்சிக்கு 40 மதிப்பெண் வேண்டும். அடிப்படை அளவுகோல்கள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20 மதிப்பெண். முதல் இரண்டு உங்களைப் பற்றியவை: அந்தத் துறையின் உள்ளூர் நிபுணர்களோடு ஒப்பிட்டால் உங்கள் சம்பளம் எங்கே நிற்கிறது என்பதும், உங்கள் பட்டம் எத்தகையது என்பதும். அடுத்த இரண்டும் உங்களைப் பற்றியவையே அல்ல: நிறுவனத்தின் நிபுணர்களில் உங்கள் நாட்டவர் எத்தனை விழுக்காடு, உள்ளூர் நிபுணர்கள் எத்தனை விழுக்காடு என்பவை.

இங்கேதான் இந்தியர்கள் கவனமாக இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் படித்த ஒரு பொறியாளரை எடுத்துக்கொள்வோம். அங்கீகரிக்கப்பட்ட பட்டத்துக்கு 10, நடுத்தரத்துக்குச் சற்று மேலான சம்பளத்துக்கு 10. அவரை எடுக்கும் நிறுவனத்தில் நிபுணர்கள் 25 பேருக்கும் குறைவு என்றால், பின்னிரண்டு அளவுகோல்களுக்கும் தாமாகவே தலா 10 கிடைத்து, 40 ஆகிவிடும். பாஸ் கிடைக்க வழியுண்டு. அதே மனிதர், அதே சம்பளத்தில், இந்தியர்கள் 25 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள ஒரு பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால் மூன்றாவது அளவுகோலில் பூஜ்யம். உள்ளூர் ஆட்களின் விகிதத்தில் அந்த நிறுவனம் 20 வாங்கினாலன்றி அவர் 30-இல் நின்றுவிடுவார். ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களின் பட்டியலில் அந்த வேலை இருந்தால் கூடுதலாக 20 மதிப்பெண் கிடைக்கும். அதிலும்கூட நிறுவனத்தில் உங்கள் நாட்டவர் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் 20 என்பது 10 ஆகக் குறைந்துவிடும். ஆகவே நேர்காணலின் முடிவில், "காம்பஸ் கணக்கில் உங்கள் நிறுவனத்தின் நிலை என்ன?" என்று மனிதவளப் பிரிவினரிடம் கேட்பதில் தவறேதும் இல்லை. அவர்களிடம் அதற்கான விடை இருக்கும். மேலும், விண்ணப்பிப்பதற்கு முன் அந்த வேலையை மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற சிங்கப்பூர் அரசின் வேலைவாய்ப்புத் தளத்தில் குறைந்தது 14 நாள்கள் விளம்பரப்படுத்த வேண்டும் என்பதால் (பத்துப் பேருக்கும் குறைவான நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு), "அடுத்த வாரமே வந்து சேருங்கள்" என்ற அவசரம் பெரும்பாலும் நம்பத்தகாதது.

எஸ் பாஸ் இடைநிலைத் திறனாளர்களுக்கானது: தொழில்நுட்பர், மேற்பார்வையாளர், ஓரளவு அனுபவமுள்ள சமையற்கலைஞர் போன்றோர். 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி. இதுவும் வயதோடு ஏறுகிறது. ஒரு நிறுவனம் தன் ஆட்களில் இத்தனை விழுக்காடுதான் எஸ் பாஸில் வைத்துக்கொள்ளலாம் என்ற ஒதுக்கீடு உண்டு: சேவைத் துறையில் 10, கட்டுமானம், உற்பத்தி போன்ற துறைகளில் 15. அதோடு, எஸ் பாஸில் உள்ள ஒவ்வோர் ஆளுக்கும் மாதம் 650 வெள்ளி லெவி, அதாவது தீர்வை, நிறுவனம் அரசுக்குக் கட்ட வேண்டும்.

குறைந்தபட்சச் சம்பளம், லெவி ஆகிய இரண்டு சுமைகளும் சேர்ந்துதான் எஸ் பாஸில் மிகப் பழைய மோசடி ஒன்றைப் பிறப்பித்திருக்கின்றன. தாளில் 3,300 வெள்ளி என்று காட்டுவார்கள்; வங்கிக் கணக்கில் போடவும் செய்வார்கள்; பிறகு அதில் ஒரு பகுதியைக் கையில் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். "எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்ற சமாதானத்தை நம்பிப் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். வேலை கொடுப்பதற்காக ஊழியரிடம் பணம் பெறும் முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் சட்டத்தில் உண்டு. ஆனால் தெரிந்தே பொய்யான சம்பளத்துக்கும் போலிச் சான்றிதழுக்கும் கையெழுத்துப் போட்ட ஊழியரையும் சட்டம் குற்றவாளியாகத்தான் பார்க்கிறது என்பதை முகவர் உங்களிடம் சொல்லமாட்டார்.

வொர்க் பெர்மிட்டில்தான் நம் ஊர்களில் இருந்து மிகுதியானோர் செல்கிறார்கள். ஏமாற்றமும் இங்குதான் மிகுதி. இதற்குப் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது. ஆனால் எந்த நாட்டவர் எந்தத் துறையில் வேலை செய்யலாம் என்ற கட்டுப்பாடு உண்டு, இது மிக முக்கியம். இந்தியா, இலங்கை, பங்களாதேஷ், மியன்மார், தாய்லாந்து, பிலிப்பீன்ஸ் போன்ற நாடுகளைச் சேர்ந்தோர் கட்டுமானம், கப்பல் பட்டறை, பிசிஎம் என்று நம்மவர் சொல்லும் எண்ணெய்-வேதி ஆலைக் கட்டுமான, பராமரிப்புத் துறை ஆகியவற்றில் பெர்மிட் பெறலாம். வீட்டுப் பணிப்பெண்களுக்கான பெர்மிட் தனி. சேவைத் துறையிலும் உற்பத்தித் துறையிலும் இந்தியருக்கும் இலங்கையருக்கும் பெர்மிட் பொதுவாகக் கிடையாது. 2023 செப்டம்பரில் வந்து 2025 செப்டம்பரில் விரிவாக்கப்பட்ட ஒரு குறிப்பிட்ட தொழிற்பட்டியலில் உள்ள வேலைகளுக்கு மட்டும் வழி திறந்திருக்கிறது. சமையல்காரர், விடுதி அறைப் பராமரிப்பாளர், கனரக வாகன ஓட்டுநர், பற்றவைப்பவர் போன்றவை அதில் உள்ளன. அந்த வேலைகளுக்குக் குறைந்தது 2,000 வெள்ளி சம்பளம் தர வேண்டும். ஆகவே "சூப்பர் மார்க்கெட்டில் பேக்கிங், பெர்மிட் விசா" என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை அமைச்சின் தொழிற்பட்டியலோடு ஒப்பிட்டாலே போதும். அதில் இல்லாத வேலை என்றால் மேற்கொண்டு பேசத் தேவையில்லை.

கட்டுமானத்துக்குப் போவோர் முதலில் திறன் தேர்வில் தேற வேண்டும். "டெஸ்ட் அடிப்பது" என்று சொல்வது இதைத்தான். சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் அங்கீகரித்த தேர்வு மையங்கள் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. டெஸ்ட் அடித்துவிட்டால் வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சான்றிதழ் உங்களை வேலைக்குத் தகுதியானவர் ஆக்குகிறது, அவ்வளவுதான்; ஆள் வேண்டும் என்று ஒரு நிறுவனம் கேட்கும்வரை அது பெட்டியில் கிடக்கும் தாள். ஆனால் அங்கே சென்றபின் திறனை உயர்த்திக்கொள்வதில் ஒரு நல்ல கணக்கு உண்டு. 2024 முதல் கட்டுமானத் துறையில் அடிப்படைத் திறன் கொண்ட ஊழியருக்கு நிறுவனம் மாதம் 900 வெள்ளி லெவி கட்டுகிறது. உயர்திறன் ஊழியருக்கு 500 தான். நீங்கள் உயர்திறன் தகுதி பெற்றால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். சம்பள உயர்வு கேட்கும்போது இந்த எண் உங்கள் நினைவில் இருக்கட்டும். லெவியை எக்காரணம் கொண்டும் உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

முகவர்கள் சொல்லும் இன்னொரு பெயர் டிடபிள்யூபி. இது பயிற்சிக்கான பெர்மிட். ஆறு மாதங்களுக்கு மேல் செல்லாது, புதுப்பிக்கவும் முடியாது. "முதலில் இதில் போங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பது கடன் வாங்கிச் செல்பவருக்குச் சொல்லப்படக் கூடிய மிக ஆபத்தான அறிவுரை. சுற்றுலா அனுமதியில் சென்று வேலை பார்ப்பது அதைவிட மோசம். அது நேரடியான குற்றம்.

இரண்டாம் படி: கடன் கணக்கைப் போட்டுப் பார்த்தல்

இதை ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் யாரும் பணம் கட்டக் கூடாது. ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பெர்மிட் வேலையில் அடிப்படைச் சம்பளம் மாதம் 600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மிகைநேரச் சம்பளத்துக்குச் சட்டம் ஒரு சூத்திரம் தந்திருக்கிறது: மாத அடிப்படைச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, வாரம் 44 மணி வீதம் 52 வாரங்களுக்கான 2,288 மணி நேரத்தால் வகுத்து, வருவதை ஒன்றரையால் பெருக்க வேண்டும். 600 வெள்ளிக்கு அது மணிக்கு ஏறத்தாழ 4.72 வெள்ளி. மாதம் 50 மணி நேரம் மிகைநேர வேலை கிடைத்தால் 236. மொத்தம் 836 வெள்ளி. பொதுவாக மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் மிகைநேரம் வாங்கவும் கூடாது என்பதால், "ஓ.டி. (மிகைநேரம்) அடிச்சா ஆயிரத்து ஐந்நூறு வரும்" என்ற கதை இந்த அடிப்படைச் சம்பளத்தில் நடக்காது.

உணவுக்கும் கைப்பேசிக்கும் சில்லறைச் செலவுக்குமாக 250 வெள்ளி போனால் மீதி 586. வெள்ளி ஒன்றுக்கு 65 ரூபாய் என்று கொண்டால் 38,090 ரூபாய். வீட்டுச் செலவுக்கு 23,000 போக, கடனுக்கு 15,000. முகவருக்குக் கொடுக்க மூன்று இலட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால், முதல் மாதத்தில் வட்டிக்கே 6,000 போய்விடும். இந்த வேகத்தில் கடன் தீர 26 மாதங்கள் ஆகும். பெர்மிட்டோ பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும். அதாவது, எந்த மாதமும் மிகைநேரம் குறையாமல், ஒரு நாளும் உடம்பு சரியில்லாமல் போகாமல் உழைத்தாலும், முதல் பெர்மிட் முடியும்போது கையில் ஒன்றும் இராது. கடனும் சிறிது பாக்கி இருக்கும்.

சட்டப்படி வாங்கக் கூடிய கட்டணம் எவ்வளவு என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் முகவர், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் வீதம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் மட்டுமே ஊழியரிடம் வாங்கலாம். மேற்கண்ட வேலைக்கு அது 1,200 வெள்ளி, அதாவது 78,000 ரூபாய். இந்தியாவில் பதிவு பெற்ற முகவருக்கான உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான சரக்கு, சேவை வரியும். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 1,13,400 ரூபாய். மூன்று இலட்சத்துக்கும் இந்தத் தொகைக்கும் இடையில் உள்ள பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அமைச்சு பெர்மிட் விண்ணப்பத்துக்கு வாங்குவது 35 வெள்ளி, அட்டை வழங்க மற்றொரு 35 வெள்ளி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஐ.பி.யைப் படித்தல்

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் அமைச்சு கொள்கையளவிலான ஒப்புதல் கடிதத்தை வழங்கும். நம்மவர் வழக்கில் இதற்கு ஐ.பி. என்று பெயர். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் நாளை ஒரு தகராறு வந்தால் முகவர் வாயால் சொன்னது எதுவும் நிற்காது, ஐ.பி.யில் உள்ளதுதான் நிற்கும்.

பெர்மிட் ஊழியருக்கான ஐ.பி. அவருடைய தாய்மொழியிலும் கிடைக்கும். தமிழ்ப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் புறப்படுவதற்கு முன்பே அதை அனுப்பி வைப்பது முதலாளியின் கடமை. விமான நிலையத்தில் கையில் திணிக்கப்படும் ஐ.பி.யைப் படிக்க நேரமிராது. அந்த நேரத்தில் திரும்பிப் போகவும் யாருக்கும் மனம் வராது. அதில் வேலையின் பெயர், அடிப்படைச் சம்பளம், நிலையான படிகள், பிடித்தங்கள், முகவர் கட்டணம் ஆகியவை தனித்தனியே இருக்கும். அடிப்படைச் சம்பளத்தையும் மொத்தச் சம்பளத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: மிகைநேரம் கணக்கிடப்படுவது அடிப்படையில் இருந்துதான். உறைவிடத்துக்கும் உணவுக்கும் பிடித்தம் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முகவர் கட்டணம் என்ற இடத்தில் பூஜ்யமோ சிறு தொகையோ இருந்து, நீங்கள் இலட்சக்கணக்கில் கொடுத்திருந்தால், அந்த முரண்பாட்டைப் புறப்படும் முன்பே எழுத்தில் கேளுங்கள்; கொடுத்த பணத்துக்கு வங்கிப் பரிமாற்றச் சான்றையோ ரசீதையோ வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு, அந்த ஐ.பி. உண்மையானதா என்று அமைச்சின் இணையதளத்தில் கடவுச்சீட்டு எண் உள்ளிட்ட விவரங்களைக் கொடுத்துச் சரிபாருங்கள். சிங்கப்பூர் முகவரின் உரிம எண்ணையும் அதே தளத்தில் உள்ள முகவர் பட்டியலில் தேடலாம். கணினி மையத்தில் பத்து நிமிட வேலை. ஐ.பி.யில் அறிவிக்கப்பட்ட சம்பளத்தைப் பின்னர் குறைக்க வேண்டுமானால், முதலாளி உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெற்று அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆதலால், வந்து இறங்கிய அன்று நீட்டப்படும் புரியாத தாள்களில் கையெழுத்திடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: ஊரில் முடிக்க வேண்டியவை

இந்தியாவில் குடியேற்றச் சோதனை தேவைப்படும் (இ.சி.ஆர்.) கடவுச்சீட்டு வைத்திருப்போர் பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது முன் அனுமதி பெற வேண்டும். மலேசியாவும் வளைகுடா நாடுகளும் அந்தப் பட்டியலில் உள்ளன; சிங்கப்பூர் இல்லை. இது வசதி போலத் தோன்றும். ஆனால் அந்த முன் அனுமதிக்காக ஒப்பந்தத்தை ஓர் அரசு அலுவலர் பார்க்கும் வாய்ப்பும் இல்லாமல் போகிறது என்பதால், அந்தச் சோதனையை நீங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. உள்ளூர் முகவர் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்பதை இந்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தையோ, தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறையையோ அணுகலாம். தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றும் உண்டு. இலங்கையில் இருந்து செல்வோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்துகொண்ட பிறகே புறப்பட வேண்டும்.

ஐந்தாம் படி: இறங்கிய பின்

பெர்மிட் ஊழியர் வந்த இரண்டு வாரங்களுக்குள் மருத்துவப் பரிசோதனை முடித்துத் தேற வேண்டும். மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் ஊழியருக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணையம் கொடுத்திருப்பார். அது அவருக்கும் அரசுக்கும் இடையிலான விவகாரம், உங்களிடம் கேட்கக் கூடியதல்ல. ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பதும், வேலை முடிந்தால் ஊர் திரும்பப் பயணச்சீட்டு வாங்கித் தருவதும் அவருடைய பொறுப்பு. கடவுச்சீட்டை உங்கள் விருப்பத்துக்கு மாறாக அவர் வைத்துக்கொள்ள முடியாது. குடும்பத்தை உடன் வைத்துக்கொள்வதைப் பற்றி ஒரு சொல்: பெர்மிட்டில் அது முடியாது, எஸ் பாஸிலும் இ பாஸிலும் மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருந்தால்தான் மனைவி அல்லது கணவரையும் பிள்ளைகளையும் சார்ந்தோர் அனுமதியில் அழைக்கலாம்.

சம்பளக் காலம் முடிந்து ஏழு நாள்களுக்குள் சம்பளமும், விவரமான சம்பளச் சீட்டும் வர வேண்டும். வேலை செய்த மணி நேரத்தை நாள்தோறும் சிறு நோட்டில் நீங்களே குறித்து வாருங்கள். குறைவாக வந்தால், வேலையில் இருக்கும்போதே என்றால் ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதங்களுக்குள்ளும் முத்தரப்புப் பூசல் தீர்வு அமைப்பிடம் முறையிட வேண்டும். "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்ற பேச்சிலேயே இந்தக் கெடு கழிந்துபோவதுண்டு.

கம்பெனி மாறுவது பற்றி இன்னும் பலருக்குத் தெரியாத ஒரு விதி உண்டு. கட்டுமானம், கப்பல் பட்டறை, பிசிஎம் துறைகளில் பெர்மிட் முடிவதற்கு 40 நாள்களுக்கும் 21 நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், தற்போதைய முதலாளியின் ஒப்புதல் இல்லாமலே புதிய நிறுவனம் உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். அந்த இடைவெளி மூன்று வாரம்கூட இல்லை. அதற்குள் புதிய நிறுவனத்தைத் தேடிப் பிடித்து, சம்பளம் பேசி, விண்ணப்பமும் போட்டாக வேண்டும் என்பதால், பெர்மிட் அட்டையில் உள்ள முடிவுத் தேதியில் இருந்து பின்னோக்கி எண்ணி, அந்த இரண்டு தேதிகளையும் சென்று சேர்ந்த முதல் வாரத்திலேயே கைப்பேசி நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.